நீரஜாவின் காதில் கிடந்த நூல்

தம்பி,

இந்தக் கடிதத்தைக் கையால் எழுதி, ஃபோனில் படம் பிடித்து, நம்முடைய குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடப்போகிறேன். உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் செய்த கேவலத்தை ஒரு வீடு நிறைந்த சனத்துக்கு முன்னால் செய்தேன். அதற்கு உன் காதுக்குள் இரகசியமாக மன்னிப்புக் கேட்டால் அது கெட்டித்தனம், நேர்மை இல்லை. ஆகவே எல்லோரும் வாசிக்கட்டும். அவர்களில் பாதிப் பேர் வாசிக்காமலே பெருவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நீரஜாவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. உன் மனைவிக்கு நீதான் வாசித்துக் காட்ட வேண்டும். வெட்டிக் குறைக்காமல் வாசி. "அம்மா ஏதோ ஸொறி சொல்லுறா" என்று ஒரு வரியில் முடித்துவிடாதே.

வழக்கமாக இப்படிக் கடிதம் எழுதும் தாய் தகப்பன் பிள்ளைக்குப் புத்தி சொல்வார்கள். பொறுமையாக இரு, விட்டுக்கொடு, உப்பைக் குறை என்பார்கள். அந்த வகைக் கடிதங்களைக் கண்டாலே எனக்கு வாய் கோணும். வாய் கோணுவதுதான் நான் ஒழுங்காகப் பழகிய ஒரே தொழில். இருபத்திரண்டு வருடம் மோர்னிங்சைட் முதியோர் இல்லத்துச் சமையலறையில் பொரிட்ஜ் கிண்டினேன். சுப்பவைசர் மனுசியின் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே, பக்கத்தில் நிற்கும் தமிழ்ப் பெண்ணிடம் அவளைப் பற்றித் தமிழில் நாறடிப்பேன். அந்த மனுசியும் எங்களைப் பார்த்துச் சிரிக்கும். அந்த வேலையில் எங்களுக்குக் கிடைத்த ப்ரமோஷன் அது ஒன்றுதான். பழக்கம் அங்கேயே நிற்கவில்லை. பஸ்ஸில் செய்தேன், பாங்கில் செய்தேன், உன் பள்ளிக்கூடத்தில் உன் ரீச்சருக்கு முன்னால் இருந்துகொண்டே அவள் காலில் கிடந்த சப்பாத்தைப் பற்றித் தமிழில் சொன்னேன். ஒன்பது வயதான நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அன்று உனக்கு ஒரு அடி போடுவதற்குப் பதிலாக ஐஸ்கிறீம் வாங்கித் தந்தேன்.

நீரஜாவைப் பற்றி நீ முதன்முதலாகச் சொன்ன நாளில் "காஷ்மீர் பிள்ளை அம்மா, பண்டிட்ஸ்" என்றாய். பிறகு அவசரமாக, "ஹிந்துதான்" என்று சேர்த்தாய். அந்த அவசரம் என்னால் வந்தது. நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும்: "உவை ஆட்டிறைச்சி திண்டுபோட்டுச் சிவராத்திரி கும்பிடுற ஆக்கள் எல்லே?" வெள்ளிக்கிழமை மட்டும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மிச்ச ஆறு நாளும் ஆட்டுக்கறி காய்ச்சுகிறவள் சொன்ன சொல் அது. நீ தோளைக் குலுக்கிவிட்டு எழும்பிப் போனாய்.

கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னால் மிஸிஸாகாவில் அவர்கள் வீட்டுக்கு என்னையும் மல்வேர்ன் மாமியையும் கூப்பிட்டார்கள். மல்வேர்ன் மாமி யார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதை நீரஜாவின் தாயும் ஒருநாள் கேட்கக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன்: உன் அப்பாவின் மூத்த அக்கா, நம் வீட்டு நல்லது கெட்டதுகளின் போலீஸ். அன்று அவர்களுக்கு வீடு துப்புரவாக்கும் சடங்கு. ஊரில் என்றால் வீட்டை மண் பூசி மெழுகுவார்களாம். இங்கே வாடகைக்கு எடுத்த கார்ப்பெற் மெஷினை உருட்டிக்கொண்டிருந்தார்கள். வாசல் கதவைச் சுற்றிச் சுண்ணாம்பில் பூவும் கொடியும் வரைந்திருந்தார்கள். அந்த அடுக்குமாடிக் கொண்டோக்காரர் அழிக்கச் சொல்லி ஒட்டிய நோட்டீஸ் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. நீரஜாவின் அத்தை அரிசியும் வால்நட்டும் போட்டு ஏதோ ஒன்றைக் காய்ச்சி அயல்வீட்டுப் பிலிப்பீன்காரருக்கும் கொடுத்தார். எங்களுக்கு ரோஸ் நிறத்தில் தேத்தண்ணீர் தந்தார்கள். வாயில் வைத்தால் உப்பு. பெண்கள் வட்டமாக இருந்து ஒரே மெட்டை இழுத்து இழுத்துப் பாடினார்கள். மாமி என் பக்கம் சாய்ந்து, "எங்கட ஆக்கள் செத்த வீட்டிலதான் உப்பிடி இழுக்கிறவை" என்றார். நான், "தேத்தண்ணியும் கண்ணீரிலதான் ஊத்தியிருக்கினம்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். நீரஜாவின் அம்மா எங்களுக்குப் பாட்டுப் பிடித்துவிட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு பாட்டுப் பாடச் சொன்னார்.

பிறகு அவர் அந்தக் கதவின் கதையைச் சொன்னார். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கை விட்டு ஓடிவந்த பிறகு ஜம்முவில் ஒரே கூடாரத்தில் மூன்று குடும்பம் இருந்தார்களாம். கூடாரத்தில் நடந்த கலியாணங்களுக்குக் கதவு ஏது? பெட்டி அட்டையில் அந்தப் பூவையும் கொடியையும் வரைந்து கூடார வாசலில் கட்டித் தொங்கவிட்டார்களாம். வீட்டையும் ஊரையும் விட்டுவிட்டு ஒரு பையோடு வந்தவள் நான். இந்த ஊரில் வேறு யாருக்கு விளங்காவிட்டாலும் அந்தக் கதை எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் மூக்கைத் துடைக்கத் திரும்பிய நேரம் மாமியைப் பார்த்துக் கண்ணடித்தேன். இதை எழுதும்போதே என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

எங்களுடைய சடங்கு மட்டும் என்ன இலட்சணத்தில் நடந்தது என்று பார். பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டில் நடக்க வேண்டும். ஆனால் என் வீடு உன் அப்பா இல்லாத வீடு, அங்கே தாலிக்குப் பொன் உருக்கக்கூடாது என்று மாமி தீர்ப்புச் சொல்லி, மல்வேர்னில் தன் ரவுன்ஹவுஸ் வீட்டில் வைத்தார். தட்டான் கொண்டுவந்த காஸ் விளக்கைப் பற்றவைத்தால் புகை அலாரம் அலறும். அதற்கு ஒரு ஆள் வேண்டும். "நீ முன்னுக்கு வராத, உள்ளுக்க நில். அலாரம் அடிச்சால் துவாயால விசுக்கு," என்றார் மாமி. பெற்ற மகனின் தாலிக்குப் பொன் உருகும்போது நான் குசினி வாசலில் கதிரையில் ஏறி நின்று துவாயை விசுக்கிக்கொண்டிருந்தேன். பொன் உருகினதை நான் பார்க்கவில்லை. அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவும் இல்லை. முறைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறத்தியாருடைய முறை என்றால் பகிடி, நம்முடைய முறை என்றால் வாய்பொத்திக் கதிரையில் ஏறுவது. இதுதான் என் ஞானம்.

சனிக்கிழமை அவர்களுடைய முறைப்படி கலியாணம். அதில் இரண்டு காட்சி எனக்கு மறக்காது. முதலாவது, மாவினால் நிலத்தில் போட்ட பெரிய வட்டக் கோலத்தில் உன்னை நிறுத்தி, நீரஜாவின் அம்மா தன் கையால் உனக்குக் கற்கண்டு ஊட்டினார். முப்பது வயதுக் கடாவுக்கு ஊட்டுகிறார்களே என்று மாமி சொன்னார். நான் சிரித்தேன். ஆனால் உன் வாயை உன் அப்பா செத்த பிறகு நான் நீரஜாவின் அம்மா அளவுக்குக் கிட்டத்தில் நின்று பார்த்ததில்லை என்று எனக்குத் தோன்றியது. இரண்டாவது, எல்லாம் முடிந்த பிறகு உங்கள் இருவரையும் இருத்தி, தலைக்கு மேல் ஒரு சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு, சொந்தக்காரர் எல்லோரும் சுற்றி நின்று பூப் போட்டுக் கும்பிட்டார்கள். அந்த நேரத்துக்கு மாப்பிள்ளையும் பொம்பிளையும் சிவனும் பார்வதியுமாம். பெரியவர்கள் பிள்ளைகளைக் கும்பிடுகிறார்கள். நான் பின்வரிசையில், எனக்குப் பழகிப்போன இடத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

நீரஜாவின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையில் பூவை வைத்து, முதல் பூ நான்தான் போட வேண்டும் என்றார். "நோ நோ. ஐ ஆம் விடோ," என்றேன். அவருக்கு நான் சொன்னது கேட்கவில்லையோ என்று நான் நினைக்கிற மாதிரி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "ஸோ? ஹீ இஸ் யுவர் சன்," என்றார். அவ்வளவுதான். அதில் இரக்கமும் இல்லை, உபதேசமும் இல்லை. நேரம் போகிறது, எழும்பி வா என்கிற தொனிதான். நான் எழும்பவில்லை. வயிற்று வலி என்று சாட்டுச் சொன்னேன். பூவைக் கைப்பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்தேன். உன் அப்பா போன எட்டு வருடமாக என் சொந்த ஆட்கள் ஒருவரும் சொல்லாததை, உப்புத் தேத்தண்ணீர் குடிக்கிற ஒரு அந்நியப் பெண் ஒரு வரியில் சொல்லிவிட்டாள் என்ற ஆத்திரம் எனக்கு. நன்றி வரவேண்டிய இடத்தில் ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தைத்தான் நான் பிறகு பகிடி என்ற பேரில் கக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோ மண்டபத்தில் எங்களுடைய முறை. அதை முறை என்று சொல்ல எனக்கு இப்போது நா கூசுகிறது. புகை மெஷின், பொறி பறக்கும் மத்தாப்பு, தலைக்கு மேல் இரைகிற ட்ரோன். ஐயர் மந்திரம் சொன்னால் கமராக்காரன், "ஐயா, கொஞ்சம் சரியுங்கோ, ஷொட் மறைக்குது" என்கிறான். ஐயரும் சரிகிறார். நீ தாலி கட்டிய நொடியில் யாரோ ஒருவருடைய தலை குறுக்கே வந்துவிட்டதாம். "அண்ணை, இன்னொருக்காக் கட்டுறமாதிரிப் பிடியுங்கோ," என்றான். நீ பிடித்தாய். மேளக்காரர் மறுபடி கெட்டிமேளம் கொட்டினார். அட்சதை தீர்ந்துபோனதால் சனம் வெறுங்கையை எறிந்தது. இதற்கு மாமி முகம் சுளிக்கவில்லை. நானும் சுளிக்கவில்லை. தாலியை இரண்டாம் தரம் கட்டி நடிக்கலாம், விதவை கிட்ட வந்தால் மட்டும் அதன் புனிதம் கெட்டுவிடும். இப்படிப்பட்ட மூளையோடுதான் நாங்கள் இந்த நாட்டில் முப்பது வருடம் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு திரிகிறோம்.

இனி நான் சொல்ல வந்த இடம். கலியாணம் முடிந்து நாலாம் நாள் செய்கிற நாலாம் சடங்குக்கு அவர்கள் என் அப்பார்ட்மெண்டுக்கு வந்தார்கள். வரவேற்பறையில் நாற்பது பேர், குசினியில் மீன்பொரியல் மணம். நீரஜாவின் இரண்டு காதிலும் மேல் மடலில் குத்திய துளையிலிருந்து சிவப்பு நூல் தொங்கியது. நூலின் முனையில் தங்கத்தில் ஒரு சின்னப் பதக்கம். அதை டெஜ்ஹோர் என்பார்களாம். கலியாணத்துக்கு முதல் நாள் பெற்றவர்கள் அதை நூலில் கோத்துப் போட்டு அனுப்புவார்கள். மாப்பிள்ளை வீட்டார் அந்த நூலைக் கழற்றிவிட்டுத் தங்கச் சங்கிலி பூட்டுவார்கள். நம்முடைய தாலி மாதிரித்தான் அது. நூல் பிறந்த வீடு, சங்கிலி புகுந்த வீடு. சங்கிலி ஏறினால்தான் பெண்ணை ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம். இது எல்லாவற்றையும் நீரஜாவின் அம்மா எழும்பி நின்று ஆங்கிலத்தில் விளக்கினார். கடைசியில் என்னைப் பார்த்து, "உங்கள் வசதிப்படி எப்போது வேண்டுமானாலும் போடலாம். ஆனால் உங்கள் கையால் போட வேண்டும்," என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமியின் கண் என் கையில் இருந்தது.

நான் பயந்துபோனேன், தம்பி. அதை இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை. எட்டு வருடமாக எந்த நல்ல காரியத்துக்கும் நீளாத கை. அதை நீட்டினால் மாமி என்ன சொல்வார், இந்தப் பிள்ளைக்கு நாளைக்கு ஒன்று நடந்தால் என்னைத்தானே சொல்வார்கள் என்று யோசித்தேன். பயந்தவள் பயந்தேன் என்று சொல்லியிருக்கலாம். நான் எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தேன். சிரித்த முகத்தோடு, நீரஜாவின் அம்மாவைப் பார்த்துக்கொண்டே, தமிழில் சொன்னேன்: "ஸ்ரௌவ்வில் ஊருக்குப் போற வழியில பண்ணை மாடுகளுக்குத்தான் காதில உப்பிடி நம்பர்த் தகடு தொங்குறது. அதுக்கு நான் தங்கத்தில சங்கிலி வேற போடோணுமாம்."

வீடு வெடித்துச் சிரித்தது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து நீரஜாவின் அம்மாவும் சிரித்தார், ஏதோ அன்பான கதை என்று நினைத்து என் தோளைத் தட்டினார். நீ சிரிக்கவில்லை. உன்னோடு ஒரு வருடம் இருந்து தமிழ் பழகிய நீரஜாவும் சிரிக்கவில்லை. மாடு என்ற சொல்லை அவளுக்கு நீ எப்போதோ சொல்லிக் கொடுத்திருப்பாய்.

போகும்போது லிஃப்டடியில் நீ, "அம்மா, ஒரு சின்ன செயின்தானே," என்றாய். நான், "கட்டின தாலி காணாதோ அவவுக்கு? கழுத்துக்கு ஒண்டு, காதுக்கு ஒண்டோ?" என்றேன். "ஓகே," என்றாய். அன்றிலிருந்து பதினாலு மாதம் நீ எனக்கு ஓகே மட்டும்தான் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக வருவாய், மீனும் மரக்கறியும் வைத்துவிட்டு நின்றபடியே தேத்தண்ணீர் குடிப்பாய். நீரஜா எங்கே என்றால், வேலை. எப்போது வருவாள் என்றால், ஓகே சொல்லிப்பார்க்கிறேன். நீ கத்தியிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன், ஒரு கிழமையில் முடிந்திருக்கும். உன் ஓகே ஒரு பூட்டிய கதவு. அவளும் இரண்டு மூன்று தரம் வந்தாள். வந்தபோதெல்லாம் தலைமயிரை அவிழ்த்துத் தோளில் விட்டிருந்தாள். ஸ்டைல் என்று நினைத்து அதற்கும் மாமியிடம் ஒரு பகிடி விட்டேன்.

போன மாதம் என் கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு உங்கள் ஸ்ரௌவ்வில் வீட்டில் ஒரு கிழமை இருந்தேன். நீ வேலைக்குப் போய்விடுவாய். நாலு வேளையும் சொட்டு மருந்து விட்டது வீட்டிலிருந்து வேலை செய்யும் நீரஜா. முதல் நாள் மத்தியானம் என்னைச் சோபாவில் சாய்த்து, மயிர் என் முகத்தில் படாமல் இருக்கத் தன் கூந்தலை உயர்த்திக் கட்டினாள். என் முகத்துக்கு ஒரு சாண் மேலே அவளுடைய காது. அதில் அந்த நூல். சிவப்புப் போய்ப் பழுப்பாகி, ஓரிடத்தில் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது. கண் திறந்தது என்று எவராவது கதை அளக்க வேண்டாம். மருந்து எரிந்தது, கண்ணீர் வந்தது, அவ்வளவுதான். ஆனால் அவள் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

"பிள்ளை, உது ஏன் இன்னும் நூலில கிடக்கு?"

அவள் மருந்துக் குப்பியை மூடினாள். "நீங்கள்தான் போடவேணும் அம்மா. அதுவரைக்கும் நூல்."

"உங்கட அம்மா ஒண்டு வாங்கித் தந்திருக்கலாமே?"

"கேட்டவ. நான் வேண்டாம் எண்டு சொன்னன். நூல் பழசானால் புதுசு மாத்துறன். இது மூண்டாவது."

"அண்டைக்கு நான் என்ன சொன்னனான் எண்டு அவவுக்குத் தெரியுமோ?"

குப்பியை மேசையில் வைத்தாள். பிறகு, பிழை செய்தவள் தான் என்பதுபோல, மெதுவாகச் சொன்னாள். "எல்லாரும் ஏன் சிரிச்சது எண்டு அம்மா கேட்டவ. நான் சொன்னன், என்ர காது வடிவு எண்டு நீங்கள் சொன்னது எண்டு."

தம்பி, என்னை யாரும் இதைவிட மோசமாக அடித்ததில்லை. அந்த அம்மா பதினாலு மாதமாக என்னோடு ஃபோனில் கதைக்கும்போதெல்லாம் ஏன் அவ்வளவு வாஞ்சையாகக் கதைத்தார் என்று அப்போதுதான் விளங்கியது. தன் மகளின் காதை மெச்சிய சம்பந்தி என்று நினைத்திருக்கிறார். நான் சிரித்துக்கொண்டே துப்பியதை அந்தப் பிள்ளை ஏந்தி, துடைத்து, தாய்க்குப் பூவாகக் கொடுத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் நாற்பது பேர் இருந்தோம். அந்த நாளில் மனிசராக நடந்துகொண்டது மாடு என்று நான் சொன்ன ஒருத்திதான்.

உன்னையும் நான் சும்மா விடப்போவதில்லை. சங்கிலியைப் பற்றி அவள் ஏன் ஒருநாளும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை என்று அவளிடம் கேட்டேன். "அம்மாவுக்கு விளங்காது, விடு" என்று நீ சொன்னாயாம். விளங்காது! எனக்கு விளங்காதா? விளங்கித்தான் அந்தச் சொல்லைச் சொன்னேன், அதுதானே என் குற்றம். நீ என்னை ஒரு மூலையில் வைத்து, மீன் வாங்கிப்போட்டு, திருந்தாத சாமான் என்று முடிவுகட்டிவிட்டாய். மனைவியின் காதில் நூல் நைந்துபோவதைத் தினமும் பார்த்துக்கொண்டு ஓகே சொன்ன ஆம்பிளையைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை. மற்றவரை இளக்காரமாகப் பார்ப்பதை நான் பகிடியாகச் செய்தேன், நீ மரியாதையாகச் செய்கிறாய். ரீச்சரின் சப்பாத்துக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்த கை என்னுடையது என்பதால் இதற்கு மேல் உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. ஆனால் இனிமேல் என்னோடு கோபம் என்றால் கோபப்படு. கதவைச் சாத்து, கத்து, ஓகே மட்டும் சொல்லாதே. இந்தக் கடிதத்தில் புத்திமதி என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியில் பிஸ்கட் ரின்னுக்குள் கிடந்த என் தாலிக்கொடியை எடுத்தேன். உன் அப்பாவின் செத்த வீட்டில் மாமி என் கழுத்திலிருந்து கழற்றினதற்குப் பிறகு நான் அதைத் தொட்டதில்லை. அதே கைப்பையில்தான் போட்டுக்கொண்டு போனேன். அடியில் அந்தச் சனிக்கிழமைப் பூ காய்ந்து தூளாகக் கிடந்தது. நகைக்கடையில் பட்டறை வைத்திருக்கும் பெடியன் கொடியைக் கையில் தூக்கிப் பார்த்தான்.

"அன்ரி, கொடி சரியான தடிப்பு. காது தாங்காது. உருக்கித்தான் மெல்லிசா இழுக்கோணும்."

"உருக்குங்கோ."

"அங்கிள்..." என்று இழுத்தான். என் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டான். "இல்லை, பிள்ளைக்குப் போடுறது எண்டு சொல்லுறியள். சிலபேர் யோசிப்பினம். வேற பொன்னில செய்து தரட்டோ?"

"அங்கிள் என்னோட முப்பது வருசம் வாழ்ந்த பொன் தம்பி. அதில என்ன குறை? உருக்குங்கோ."

பின்னால் போய் இருக்கச் சொன்னான், புகை வரும் என்றான். நான் போகவில்லை. விளக்குக்கு முன்னால், ஒரு முழத் தூரத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கொடி முதலில் கறுத்தது, பிறகு சிவந்தது, பிறகு ஒரு துளியாகி உருண்டது. அந்தக் கடையில் அலாரம் அடிக்கவில்லை. என் கையில் துவாயும் இல்லை. உன் பொன்னுருக்கை நான் அன்றுதான் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டேன், அழுதேன், அந்தப் பெடியன் பாவம் என்ன செய்வதென்று தெரியாமல் எனக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் தந்தான்.

இரண்டு சங்கிலியும் இப்போது என் மேசையில் இருக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீ என்னைக் காரில் ஏற்ற வரவேண்டாம். பஸ் எடுத்து, மாறி, மிச்சத்துக்கு டாக்ஸி பிடித்து வருவேன். நீரஜாவின் அம்மாவைக் கூப்பிட்டு வை. முதலில் அவரிடம் மாட்டுக் கதையைச் சொல்வேன், என்னுடைய சமையலறை ஆங்கிலத்தில், நான் சொன்ன அதே சொற்களில். காது வடிவு என்று நான் சொல்லவில்லை, அது உங்கள் பிள்ளை உங்களுக்காகச் சொன்ன பொய் என்றும் சொல்வேன். நீ குறுக்கே வந்து மொழிபெயர்த்து அதை மெதுவாக்காதே. அவர் எழும்பிப் போனால் போகட்டும், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. நீரஜாவுக்கு என் கொடிப் பொன் வேண்டாம் என்றால் அதையும் என் முகத்துக்கு நேரே சொல்லட்டும். இருவரும் சரி என்றால்தான் அவள் காதைத் தொடுவேன். மாமி, நீங்களும் இதை வாசிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன்: வருவதென்றால் வாருங்கள், ஆனால் அன்று என் கையைப் பார்க்க வேண்டாம், பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

துளை சின்னது. கொஞ்ச நேரம் எடுக்கும், அவளைப் பொறுக்கச் சொல். பதினாலு மாதம் பொறுத்தவள், இன்னும் ஐந்து நிமிடம் பொறுப்பாள் என்று நினைக்கிறேன். கழற்றிய நூலை மட்டும் குப்பையில் போட வேண்டாம். அதை எனக்குத் தாருங்கள். நான் மறுபடி யாரையாவது பார்த்துத் தமிழில் சிரிக்க வாயைத் திறக்கும்போது என் கைப்பைக்குள் அது இருக்க வேண்டும்.

அம்மா